குளியலறையின் சக்களத்தி

"பாத்ரூம்ல பாடினா கழுதை கத்துறதுகூடக் கச்சேரி மாதிரிதான் கேக்கும்."

முத்துவேல் இதை யாரையும் புண்படுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. நடையில் நின்று காப்பியை ஆற்றிக்கொண்டே மனைவியிடம் பேச்சுவாக்கில் சொன்னான். பக்கத்தில் குளியலறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. சொன்னவன் மறந்துவிட்டான். கேட்டது மறக்கவில்லை.

அதுவரை அந்தச் சின்ன வீட்டில் தலை நிமிர்ந்து இருந்தது அந்தக் குளியலறைதான். "கூடம்னு பேரு, டி.வி. கத்துது. சமையலறைன்னு பேரு, குக்கர் கத்துது. பாட்டு இருக்கிற இடம் எது?" என்று கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொள்ளும்.

அதில் பொய் இல்லை. அல்லி கல்யாணமாகி வந்த மறுநாள், கூடத்தில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசக் கூசியவள், குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டதும் பாடினாள். அவள் ஒன்று கொடுத்தால் அது ஒன்பதாகத் திருப்பிக் கொடுத்தது. நாலு சுவரிலும் பதித்த வெள்ளை டைல்ஸில் பட்டு அவள் குரல் பளபளவென்று திரும்பிவரும். மூச்சு வாங்கிய இடமெல்லாம் மூடிப்போகும். இறங்கிப்போன சுரம்கூட நேராக நிற்பதுபோல் தோன்றும். தலையில் ஊற்றிய தண்ணீர் முகத்தில் வழிய, அல்லி தன் குரலைத் தானே கேட்டுச் சிரித்துக்கொள்வாள். அந்தச் சிரிப்புக்காகவே குளியலறை இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கும்.

"அதுக்காக? வேற எங்கதான் பாடுறது?" என்றாள் நடையில் நின்ற அல்லி. "கூடத்துல பாடினா தெருவே உள்ள வந்து உக்காந்துக்குது."

"அதான் சொல்றேன். அவங்க என்ன எழுதியிருந்தாங்க? கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்குன்னுதானே?"

எழுதியவர்கள் சென்னையில் குழந்தைப் பாட்டுகள் தயாரிக்கிறவர்கள். அல்லி குளியலறையில் நின்று கைபேசியில் பதிவுசெய்து அனுப்பிய பாட்டைக் கேட்டிருந்தார்கள். குரல் பிடித்திருக்கிறது, ஆனால் எதிரொலிதான் அதிகம் கேட்கிறது, வீட்டிலேயே சுத்தமாகப் பதிவுசெய்து தர முடிந்தால் வேலை தருகிறோம், மாதக் கடைசிக்குள் இன்னொரு பாட்டு அனுப்புங்கள், அதற்குமேல் காத்திருக்க முடியாது என்று எழுதியிருந்தார்கள்.

அல்லி முன்பு ஒரு மழலையர் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். பள்ளியை மூடிவிட்டார்கள். அதிலிருந்து அவள் பாடுவதைக் கேட்க அந்தக் குளியலறையைத் தவிர யாரும் இல்லை.

"சாமான் ரூமைக் காலி பண்ணிடலாம்" என்றான் முத்துவேல். "அதை ஸ்டுடியோவா மாத்திடலாம். எல்லா வீடியோவும் பாத்துட்டேன்."

உள்ளே குழாய்க்குச் சிரிப்பு வந்தது. "அக்கா, கேட்டீங்களா? நம்ம பக்கத்து ரூமாம்!"

"நல்லாக் கட்டட்டும்" என்றது குளியலறை. "நேத்து வரைக்கும் கரப்பான்பூச்சிக்குச் சத்திரமா இருந்தவ."

சாமான் அறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் கால் ஒடிந்த நாற்காலி, பழைய மிக்ஸி, காலி அட்டைப்பெட்டி. இந்தப் பக்கம் பாட்டு. இத்தனை நாளாக அந்த அறையைக் குளியலறை ஒரு அறையாகவே மதித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. கதவு இடுக்கு வழியாகக் குளியலறை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. மரச்சட்டங்கள் போயின. ப்ளைவுட் போனது. கனத்த பஞ்சுப் பலகைகள் அடுக்கடுக்காகப் போயின. கருஞ்சிவப்புத் துணி ஒரு சுருள் போனது. கடைசியில், பெட்டிக்குள் பட்டுத்துணி சுற்றிய மைக் போனது. கல்யாண வீட்டுக்குச் சீர்வரிசை போவதுபோல் எல்லாம் தன் வாசலைத் தாண்டியே போக, குளியலறைக்கு வயிறு எரிந்தது. அல்லி வந்ததிலிருந்து இன்றுவரை தனக்கு வாங்கியது ஒரு மிதியடி. அதுவும் சாயம் போய்விட்டது.

"காத்து போற இடுக்கெல்லாம் சத்தமும் போகும்" என்று முத்துவேல் உள்ளே பாடம் நடத்திக்கொண்டிருந்தான். "ஊசி நுழையற இடம் விட்டாலும் போச்சு. இங்க பாரு, ஜன்னலுக்கு ரெண்டு அடுக்கு. கதவைச் சுத்தி ரப்பர். சுவர்ல பஞ்சு, மேல துணி."

"சமாதி மாதிரி இருக்குங்க."

"அமைதியா இருக்குன்னு சொல்லு."

நடுச்சுவருக்குள் தண்ணீர்க் குழாய் ஓடுவது அவனுக்குத் தெரியும். அந்த வழியாகத் தண்ணீர் போகும் என்றும் தெரியும். வேறு என்ன போகும் என்று அவன் யோசிக்கவில்லை. அவன் பார்த்த எந்த வீடியோவிலும் அது வரவில்லை.

முதல் நாள் புது அறையில் பாடிவிட்டு அல்லி முகம் வெளுத்து வெளியே வந்தாள்.

"இது என் குரலே இல்லைங்க. கஞ்சி போடாத துணி மாதிரி தொவண்டு கிடக்கு. நான் இவ்வளவு மோசமாவா பாடுறேன்?"

குளியலறைக்குத் தேன் குடித்ததுபோல் இருந்தது. "பாத்துக்கிட்டே இரு" என்றது குழாயிடம். "காலையில ஓடி வருவா."

காலையில் அல்லி வந்தாள். தாழ்ப்பாள் போட்டாள். குளியலறை சுவர்களையெல்லாம் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. அவள் பாடவில்லை. ஒரே ஒரு வரியை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள், திரும்பத் திரும்ப. அப்படி முணுமுணுக்கும்போது ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"எதுக்குக் காதைப் பொத்துறா?" என்று கேட்டது குழாய்.

கவிழ்த்து வைத்திருந்த வாளிக்கு வயசு அதிகம், விளிம்பு உடைந்தது, எதையும் பட்டென்று சொல்லிவிடும். "அக்கா கொடுக்கிறது காதுல விழாம இருக்கத்தான். தன் குரலை மட்டும் கேக்கணும்னு பாக்குறா. அந்த ரூம்ல ஒரு சுரம் இறங்குறது அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. இங்க இத்தனை வருஷம் தெரியலையே, அதான்."

"நான் மறைச்சேன்னு சொல்றியா?"

"ஒன்பதா கொடுத்தேன்னு நீதானே சொல்லுவே. ஒன்பதுக்குள்ள ஒண்ணு எங்கே தெரியும்?"

குளியலறை அன்று முழுவதும் வாளியோடு பேசவில்லை.

நாளாக ஆக அல்லி குளியலறைக்குள் நிற்கிற நேரமே குறைந்தது. வந்தாள், ஊற்றினாள், துடைத்தாள், போனாள். தலைகூடச் சரியாகத் துவட்டாமல் பக்கத்து அறைக்கு ஓடினாள். ரப்பர் ஒட்டிய கதவு 'சப்' என்று மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காது. வீட்டுக்குள்ளேயே ஒருத்தி பாடிக்கொண்டிருக்கிறாள், அது தன் காதில் விழவில்லை என்பதைக் குளியலறையால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் குழாய் மெதுவாகக் கூப்பிட்டது. "அக்கா, இங்க வந்து என் வாய்கிட்டக் காதை வைங்க."

குளியலறை கேட்டது. சுவருக்குள் ஓடிய குழாய் வழியாக, நூல் இழை அளவுக்கு, அல்லியின் பாட்டு வந்துகொண்டிருந்தது. பூச்சு இல்லை, பளபளப்பு இல்லை. ஆனால் இறங்கிப்போகிற அந்தச் சுரம் இப்போது தானாகவே நேராக நின்றது. யாரும் தாங்கிப் பிடிக்காமல் நின்றது.

மோசமாக இருந்திருந்தால் குளியலறை மன்னித்திருக்கும். நன்றாக இருந்தது.

"பாத்தியா, சக்களத்தி எப்படி வளைச்சுப் போட்டிருக்கான்னு" என்றது. அதன் குரல் கரகரத்தது. "உன்னால ஒரு சொட்டு விட முடியுமா?"

"என்னக்கா?"

"அவ பாடும்போது மட்டும். ஒரு சொட்டு விடு. பாட்டு நின்னா நீயும் நிறுத்திக்கோ."

"ஏம்மா, வேண்டாம்" என்றது வாளி. "அந்தச் சொட்டு என் முதுகுலதான் விழும்."

"உன்னைக் கேக்கலை."

குழாய் சின்ன வயசு. அக்கா சொன்னால் செய்யும். அடுத்த முறை அல்லி பாடியபோது ஒரு சொட்டு விட்டது. அது கவிழ்ந்து கிடந்த வாளியின் முதுகில் விழுந்தது. சொட்டு என்னவோ சின்னதுதான். அதைக் குளியலறை தன் நாலு சுவரிலும் அடித்து ஒன்பதாக்கி, நடுச்சுவருக்குள் அனுப்பியது.

டொக்.

பதிவைப் போட்டுக் கேட்டபோது முத்துவேல் முகம் சுளித்தான். "என்ன அது?" மறுபடி போட்டான். பாட்டின் நடுவே, யாரோ விரலை மடக்கித் தட்டியதுபோல், டொக்.

"ஜன்னல் வழியா வருது" என்று தீர்மானித்தான். ஜன்னலுக்கு மூன்றாவது அடுக்கு போட்டான். டொக். கதவுக்கு அடியில் இன்னொரு ரப்பர் ஒட்டினான். டொக். மாடி ஏறிப் போய் மேல்வீட்டு ரெஜினாம்மாவிடம், "அக்கா, சாயங்காலம் கொஞ்ச நேரம் தேங்காய் உடைக்காம இருங்களேன்" என்று கேட்டான்.

"தேங்காயா? டாக்டர் எனக்குத் தேங்காயே கூடாதுன்னுட்டாரு தம்பி. நானே மறந்திருந்தேன். இப்ப எதுக்கு வந்து ஞாபகப்படுத்துறீங்க?"

தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடமும் போய் நின்றான். அவர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்: "வேணும்னா தலகாணி மேல வச்சு எடுக்கட்டுமா சார்?"

சந்தேகம் வந்து ஒருமுறை குளியலறைக்குள்ளும் எட்டிப் பார்த்தான். பாட்டு நின்று சில நொடி ஆகியிருந்தது. குழாய் வாய் உலர்ந்து, பரம சாதுவாக நின்றுகொண்டிருந்தது. அவன் அதை ஒரு திருகு திருகிப் பார்த்துவிட்டுப் போனான்.

குளியலறைக்கு ஒரு புது ருசி கிடைத்துவிட்டது. முன்பு பாட்டைக் கேட்டு மகிழ்ந்ததைவிட, பாட்டு பாதியில் நிற்பதைக் கேட்டு இப்போது அதிகமாக மகிழ்ந்தது. குழாய் வாயில் இழையாகப் பாட்டு வரும். சொட்டு விழும். பாட்டு அறுந்துபோகும். "சீ" என்பாள் அல்லி. அந்த 'சீ' குளியலறைக்கு அத்தனை இனித்தது.

முத்துவேல் அடைக்க அடைக்க, ஊர்ச் சத்தம் எல்லாம் வெளியே நின்றுபோனது. நாய் நின்றது, ஹாரன் நின்றது, காற்றுகூட நின்றது. அந்த ஒரு சொட்டு மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. அல்லி இப்போதெல்லாம் பாடும்போதே அதற்காகக் காத்திருந்தாள். இதோ விழும், இதோ விழும் என்று தொண்டை இறுகியது. நேராக நின்ற சுரம் மறுபடி ஆடத் தொடங்கியது.

ஒருநாள், யாரும் இல்லாத நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பஞ்சுக்குள் புதைந்த, அமுங்கிய குரல்.

"அக்கா, உங்க குழாய் சொட்டுதுக்கா."

"எந்தக் குழாய்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"எனக்கு நல்லாவே கேக்குது. என்னை அப்படிக் கட்டியிருக்காங்க. எது வந்தாலும் தப்பிக்க விடமாட்டேன், மூடி மறைக்கவும் தெரியாது. அந்தப் பொண்ணு இன்னிக்கு மைக்கைத் துணி போட்டு மூடிட்டுப் போயிட்டா."

"பட்டுத்துணிதானே? உனக்கென்னம்மா குறை?" என்றது குளியலறை. "உடம்பெல்லாம் பஞ்சு, மேலெல்லாம் துணி. நாங்க ஈரத்துல கிடக்கிற ஜாதி. எங்ககிட்ட என்ன பேச்சு?"

அந்தப் பக்கத்துக் குரல் இன்னும் அமுங்கியது.

"அவ தொண்டை கட்டிக்கிட்டு வர்றா அக்கா" என்றது.

மாதக் கடைசி வந்தது. அன்று மாலைக்குள் பாட்டு போயாக வேண்டும். காலையிலிருந்து பாடியதில் ஒன்றுகூடத் தேறவில்லை.

"வேண்டாம், விட்டுடலாம்" என்றாள் அல்லி.

"கடைசியா ஒரே ஒரு தடவை" என்றான் முத்துவேல். அவன் குரலிலும் முன்பிருந்த உற்சாகம் இல்லை. "மூஞ்சியைக் கழுவிட்டு வா. அப்புறம் நீ சொன்னபடியே கேக்குறேன். எல்லாத்தையும் பிரிச்சு எடுத்துடலாம். பாட்டையும் விட்டுடு, யாரும் கேக்கப்போறதில்ல."

சமாதானமாகத்தான் சொன்னான். அல்லி குளியலறைக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டாள். வாளியை நிமிர்த்திக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் இரைச்சலோடு கொட்டியது. வெளியே கேட்காது என்று நிச்சயமானதும் அழுதாள்.

குளியலறைக்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும். ஒன்று கொடுத்தால் ஒன்பதாகத் திருப்பிக் கொடுக்கும். அது பாட்டா அழுகையா என்று பார்க்க டைல்ஸுக்குத் தெரியாது. அல்லியின் ஒரு விம்மல் நாலு சுவரிலும் பட்டு, உச்சியில் பட்டு, ஒன்பது விம்மலாகக் குளியலறையின் மேலேயே வந்து விழுந்தது. நிறுத்தப் பார்த்தது. முடியவில்லை. அவள் அழுகையை அடக்க அடக்க, அடக்கின மூச்சும் பெரிதாகத் திரும்பி வந்தது. காதைப் பொத்திக்கொள்ள அதற்குக் கை இல்லை.

அல்லி முகத்தைக் கழுவினாள். துண்டால் துடைத்து, அதைக் குழாய்க்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினாள். குழாயை இறுக்கி மூடினாள். கண்ணாடியைப் பார்க்காமல் வெளியே போனாள்.

"இன்னிக்கு வேண்டாம்" என்றது குளியலறை அவசரமாக. "கேக்குதா? இன்னிக்கு ஒரு சொட்டுகூட விடக்கூடாது."

குழாயின் உதட்டில் ஒரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது. கனத்தது. விழுந்தது.

நிறைந்திருந்த வாளியில் 'டுளுக்' என்றது.

"உன்னைத்தான் சொல்றேன்! நிறுத்து!"

"நான் விடலக்கா" என்றது குழாய். அதற்கு அழுகை வந்துவிட்டது. "தானா வருது. சொட்டிச் சொட்டி உள்ள வாஷர் தேஞ்சுபோச்சு. மூடிக்கிட்டுத்தான் இருக்கேன், நிக்க மாட்டேங்குது."

"இறுக்கிப் பிடி."

"பிடிச்சுட்டேன்க்கா."

இன்னொரு சொட்டு திரண்டது. நடையில் அல்லியின் காலடி கேட்டது. முத்துவேல் ஏதோ கேட்டான், அவள் "ம்" என்றாள்.

"ஏம்மா" என்றது வாளி. அந்த வயசான குரலில் இப்போது குத்தல் இல்லை. "மேலே அவ மாட்டின துண்டு தொங்குது. அது குழாய் மேல விழுந்து, ஒரு நுனி என் தண்ணிக்குள்ள கிடந்தா, சொட்டு துணியோடயே இறங்கி வந்துடும். சத்தம் இருக்காது."

"சரி, விழச் சொல்லு."

"அதைப் பிடிச்சுக்கிட்டிருக்கிறது உன் சுவர்ல இருக்கிற ஆணி. நீதான் விடணும்."

குளியலறை ஆணியைத் தளர்த்தப் போனது.

"அக்கா" என்றது குழாய் தயங்கித் தயங்கி. "துண்டு விழுந்தா என் வாய் அடைச்சுக்கும். அப்புறம் இந்த வழியா பாட்டு வராது. உங்களுக்கு ஒண்ணுமே கேக்காது."

பக்கத்து அறையில் ரப்பர் கதவு 'சப்' என்று மூடிக்கொண்டது. பிறகு குழாயின் வாயில், நூல் இழை அளவுக்கு, அல்லி மூச்சை இழுத்துக்கொள்வது கேட்டது. சொட்டு திரண்டு, கனத்து, உதட்டின் ஓரத்துக்கு வந்துவிட்டது. பாட்டின் முதல் சொல் வந்தது.

குளியலறை அந்த ஒரு சொல்லைக் கேட்டது. ஆணியை விட்டது.